ஒரே கனம்

ஓட்டல் மேடம் வருவதாகச் சொல்லியிருந்த நாளில் வெந்நீர் என்று பெயரெடுத்த மனிதர் விடிவதற்குள் எழுந்து, சவரம் செய்கிற அவசரத்தில் முகவாயை இரண்டு இடத்தில் கீறிக்கொண்டு, சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். மனைவி பின்னாலேயே வந்து பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"அவங்க பத்து மணிக்குத்தானே வராங்க. அதுக்குள்ள போய் நீங்க என்ன மாட்டைப் பிடிச்சா கட்டப்போறீங்க?" என்றாள்.

அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அவர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓரிடத்தில் நிற்காமல் திரிகிறவர் என்பதால் தொழிற்சாலையில் யாரோ வைத்த பெயர் இது. ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். அவர் சூப்பர்வைசர் ஆனதும் மரியாதை கருதி மறுபடியும் முதுகுக்குப் பின்னால் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மாட்டிறைச்சித் தொழிற்சாலை அது. எலும்பு நீக்கிய முதுகுக் கறி நீள நீளமாக வந்து இறங்கும். கத்தி மேஜையில் நிற்பவர்கள் மேல் கொழுப்பைச் சீவி, வெள்ளை ஜவ்வை உரித்து, ஓரங்களைத் திருத்தித் தள்ளுவார்கள். இதுவரை அதை அப்படியே பெரிய துண்டாகக் கட்டிக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான்கு ஓட்டல்களுக்குக் கொள்முதல் செய்கிற மேடம் ஒருவர் வந்து, தனக்கு ஸ்டேக் துண்டுகளாகவே வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே எடையில் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்து முகம் சுளிக்கும்படி ஆகக்கூடாது என்பது அவருடைய கவலை. முதலாளி உடனே கறியை அமுக்கி வார்க்கிற ஒரு பிரஸ்ஸும் ஒரு வெட்டு இயந்திரமும் வாங்கிப் போட்டார். அதற்கு முன்பே சூப்பர்வைசர் ஆகியிருந்த வெந்நீர், இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைச் சாப்பிடும்போதும் பேருந்திலும் படித்து, அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

வேலை கேட்பதற்கு எளிது. கறியைக் குளிர் அறையில் வைத்து விறைக்க விட வேண்டும். ரொம்பவும் உறைந்துவிட்டால் பிரஸ்ஸில் காய்ந்த விறகு மாதிரி பிளந்துவிடும். இளகியிருந்தால் அமுங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி எழும்பி, ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் சன்னமாகவும் வெட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் எடுத்தால் பிரஸ் கறியை ஒரு செங்கல் போல வார்த்துக் கொடுக்கும், வெட்டு இயந்திரம் அதைச் சீராக நறுக்கிப் பெல்ட்டில் போடும், பெல்ட்டிலேயே இருக்கிற தராசு ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, எடை தவறியதை ஓர் இரும்புக் கையால் பக்கத்துத் தட்டில் தட்டிவிடும். தட்டிவிட்டதெல்லாம் கொத்துக்கறிக்குப் போகும்.

கத்தி மேஜையின் தலைமாட்டில் நிற்பவர் வெந்நீரின் மச்சான், மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அப்படியிருக்க, ஆறு மாதத்துக்கு முன் சூப்பர்வைசர் இடம் காலியானபோது முதலாளி மச்சானைத் தாண்டி வெந்நீரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். செய்தி கேட்ட மச்சான், "நல்லது மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போனார். அந்த இரண்டு சொல் வெந்நீருக்குச் செரிக்கவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதிலிருந்து மச்சான் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

போதாக்குறைக்கு, இரண்டு நாளைக்கு முன் மச்சான் முதலாளியின் அறையிலிருந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்ததை வெந்நீர் பார்த்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்று பதில் வந்தது. முதலாளி அறைக்குச் சும்மா போகிறவனை அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

அன்று காலை தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நேரே குளிர் அறைக்குப் போனார். முந்தின நாள் மாலை மச்சானும் மேஜைக்காரர்களும் சீவி அடுக்கிய கறி இரண்டு வரிசை ரேக்குகளில் இருந்தது. கதவைத் திறந்து, டெம்பரேச்சர் ஊசியைக் குத்திப் பார்த்து, திருப்தியாகி, கதவைச் சாத்தினார். பிரஸ் வரைக்கும் நடந்தார். ஒருவேளை ரொம்ப விறைத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. திரும்பி வந்து மறுபடி திறந்தார். கதவுக்கு வெளியிலேயே உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டுகிற பலகை இருந்தது. அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊசியைக் குத்தினால்தான் மனசு ஆறும். ஆறிய மனசும் கொஞ்ச நேரத்தில் மறுபடி சுடும். வெட்டு இயந்திரத்தின் கத்தியைத் துடைப்பார், கதவைத் திறப்பார். பேக்கிங் மேஜையில் உறைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார், கதவைத் திறப்பார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் புகை போலக் குளிர் அவர் கால்களைச் சுற்றிக்கொண்டு வெளியே வழிந்தது.

மேஜையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான், "மாப்ள, கதவை விட்டுட்டு வந்து ஒரு டீ குடிங்க" என்று கூப்பிட்டார். அதில் கேலி இருப்பதாக வெந்நீருக்குப் பட்டது. காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். சின்ன உருவம். அவருக்குக் கொடுத்த வெள்ளை அங்கி தரையைக் கூட்டியது. கைப்பையிலிருந்து சொந்தமாக ஒரு சின்னத் தராசை எடுத்துப் பேக்கிங் மேஜையில் வைத்தபோது முதலாளியின் முகம் ஒரு மாதிரி ஆனது.

முன்வரிசை ரேக்கை இழுத்து வந்து முதல் கறியைப் பிரஸ்ஸில் போட்டார்கள். வெந்நீர் பொத்தானை அழுத்தினார். வெட்டு இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் சில துண்டுகள் ஒழுங்காக வந்தன. மேடம் ஒன்றை எடுத்துத் தன் தராசில் வைத்துத் தலையசைத்தார். வெந்நீர் மூச்சை விட்டார். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் இரும்புக் கை டக் என்று ஒரு துண்டைத் தட்டிவிட்டது. பிறகு இன்னொன்று. பிறகு டக் டக் என்று நிற்காமல் தட்ட ஆரம்பித்தது. வந்த துண்டுகள் கதவிடுக்கில் செருகுகிற ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தன. பக்கத்துத் தட்டு நிரம்பி வழிந்தது. பொட்டலம் போட நின்ற பேக்கிங் அக்காவின் கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அடுத்த கறியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு வெந்நீரைப் பார்த்தார்.

வெந்நீர் ரேக்கில் இருந்த ஒரு கறியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. அந்த நொடியில் ஆறு மாதமாக அவருக்குள் புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. நேரே கத்தி மேஜைக்குப் போனார்.

"நேத்து இதை எப்ப உள்ள ஏத்துனீங்க மச்சான்?"

"எப்பவும் ஏத்துற நேரம்தான் மாப்ள."

"அப்புறம் ஏன் வெண்ணெய் மாதிரி இருக்கு?"

மச்சான் கத்தியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மேஜையில் இருந்த மற்ற கத்திகளும் நின்றன.

"வேணும்னே வெளிய வச்சிருந்துட்டு லேட்டா ஏத்தியிருக்கீங்க" என்றார் வெந்நீர். குரல் அவரையும் மீறி உயர்ந்தது. "எனக்கு இந்த வேலை வந்ததுலேர்ந்தே உங்களுக்குப் பொறுக்கல. முதலாளி ரூம்ல போய் என்ன பத்த வச்சீங்கன்னும் எனக்குத் தெரியும்."

மச்சான் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு இடது கையிலிருந்த கம்பி வலைக் கையுறையைக் கழற்றினார். வலது கை விரல்கள் அதன் வாரைப் பிடித்து இழுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன. வீம்புக்காக மெதுவாகக் கழற்றுகிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பிறகு கத்தியை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"மேடம் நிக்கிறாங்க மாப்ள. போய் வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வெந்நீர் அடுத்த ரேக்கை எடுக்கக் குளிர் அறைக்குள் போனார். கதவுக்குப் பக்கத்தில் தரை நசநசவென்று ஈரமாக இருந்தது. முன்வரிசையில் மிச்சமிருந்த கறியைத் தொட்டார். இளகியிருந்தது. பின்னால் சுவரோரம் இருந்த வரிசைக்குப் போய் ஒன்றைத் தொட்டார். கட்டைவிரல் உள்ளே போகவில்லை. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் கிண்ணென்று விறைப்பாக இருந்தது. மச்சான் தாமதமாக ஏற்றியிருந்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். கதவுப் பக்கம் மட்டும் இளகி, சுவர்ப் பக்கம் சரியாக இருக்கிறதென்றால் காரணம் கதவு. கதவைத் திறந்தது யார் என்று வெளியே போய் விசாரிக்க வேண்டியதில்லை.

அந்தக் குளிரிலும் அவருக்குக் காது சுட்டது. அப்படியே கறிகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

வெளியே வந்தபோது முதலாளி அருகில் வந்து, மெஷின் புதுசு, இன்னும் செட் ஆகவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிடும்படி காதோடு சொன்னார். நல்ல வழிதான். சொல்லியிருந்தால் மேடம் நம்பியும் இருப்பார். ஆனால் மேஜையின் தலைமாட்டில் காலியாக இருந்த இடம் வெந்நீரின் கண்ணில் பட்டது.

"தப்பு என்னோடது மேடம்" என்றார். "பதம் பார்க்கறேன்னு காலையிலேர்ந்து கதவைத் தொறந்து தொறந்து மூடிட்டேன். முன்னாடி இருந்ததெல்லாம் இளகிப்போச்சு. பின்னாடி இருக்கறது நல்லா இருக்கு. அதைப் போட்டுக் காட்டுறேன்."

"எத்தனை தடவை தொறந்தீங்க?"

"எண்ணல மேடம்."

"நான் எண்ணுனேன்" என்றார் பேக்கிங் அக்கா. யாரும் அவரை மேலே பேசச் சொல்லவில்லை.

பின்வரிசை ரேக் வந்தது. இந்தத் தடவை இரும்புக் கை அசையவே இல்லை. துண்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. மேடம் சிலவற்றை எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். தன் தராசில் வைத்தும் பார்த்தார். முடிவை அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லி, அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். முதலாளி எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

வெந்நீர் டீயைத் தொடாமல் மச்சானைத் தேடிக்கொண்டு வெளியே போனார். ரப்பர் பூட்ஸும் அங்கியுமாகவே தெருமுனைப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓடிப் பார்த்தார். நிழற்குடையில் யாரும் இல்லை. மச்சானின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை முடிகிற வரைக்கும் வெந்நீர் எங்கே நின்றார், என்ன செய்தார் என்பது அவருக்கே நினைவில்லை. இயந்திரத்தைக் கழுவும்போது கழுவின இடத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்ததாகப் பேக்கிங் அக்கா பிற்பாடு சொன்னார்.

சங்கு ஊதியதும் வெந்நீர் மச்சானின் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. ஏறி வந்த வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த மச்சானின் மனைவி அவரைத் தனியாகப் பார்த்துத் திகைத்தாள்.

"உங்க வீட்டுக்குப் போறேன்னு போன் பண்ணிச் சொன்னாரே. ஏன், கை ரொம்ப வலிக்குதுன்னாரா?"

"எந்தக் கை அக்கா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்றிருந்தாராம். ஆனால் பாதி வெளியே வந்ததை மறுபடி உள்ளே தள்ள முடியாதே. வருஷக்கணக்காகக் கத்தி பிடித்ததில் வலது கை விரல்கள் மரத்துப் போகின்றனவாம். காலையில் எழுந்தால் பல் துலக்கக்கூடப் பிடி கிடைப்பதில்லையாம். டாக்டர் ஏதோ நரம்பு நசுங்கியிருக்கிறது என்கிறாராம். அதனால்தான் முதலாளியிடம் போய் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாராம்.

"உங்ககிட்டதான் முதல்ல கேட்டிருக்கணும். நானும் சொன்னேன். தங்கச்சி புருஷன்கிட்ட போய் எனக்குக் கை விளங்கலன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டாரு" என்றாள்.

அன்று காலை கையுறையின் வாரோடு தடுமாறிய விரல்கள் வெந்நீரின் கண் முன்னால் வந்து நின்றன. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. டீ போடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு மாடி இறங்கியிருந்தார்.

வெந்நீர் தன் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுக்களையில் மச்சான் முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் தங்கை துணி சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தன்னிடம் மறைத்ததற்காக அண்ணனை ஒரு பிடி பிடித்து முடித்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கை வலித்ததால் பாதியில் கிளம்பி வந்ததாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். நடந்த சண்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அது வெந்நீரை இன்னும் குறுக வைத்தது. நின்ற நிலையிலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கதவைத் திறந்தது, கறி இளகியது, ஊர் முன்னால் மச்சானைப் பேசியது, பத்த வைத்ததாகச் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் துணி சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் மறுபடி துணியைச் சுற்றினாள்.

"தப்புப் பண்ணிட்டேன் மச்சான். மன்னிச்சிடுங்க" என்றார்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லார் முன்னாடியும் வச்சுப் பேசுனீங்க மாப்ள. மன்னிப்பை மட்டும் அடுக்களையில வந்து கேக்கறீங்களே."

வெந்நீர் மனைவியைப் பார்த்தார்.

"சரியாத்தானே கேக்குறாரு" என்றாள் மனைவி.

மறுநாள் காலை எல்லோரும் பூட்ஸ் மாட்டுகிற அறையில் வெந்நீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நேற்று மச்சானைச் சொன்னது அத்தனையும் பொய், தன் புத்தியில் உதித்தது, அவர் நேரத்துக்குத்தான் கறியை ஏற்றினார் என்றார். கேட்டவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருமினார். பேசி முடித்த பிறகுதான் மச்சான் அங்கே இல்லை என்பதை வெந்நீர் கவனித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானம்தான் வருவார் என்று பேக்கிங் அக்கா சொன்னார். ஆரம்பிக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, அவ்வளவு தைரியமாகத் தொடங்கியதைக் கெடுக்க மனசு வரவில்லை என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் வந்தார். வெந்நீர் எழுந்து நின்று, இரண்டாம் தடவையாக முதலிலிருந்து தொடங்கினார். முதல் தடவை அவ்வளவு கஷ்டமில்லை. இப்போது மச்சான் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் முன்பின்னாக வந்தன.

"போதும் மாப்ள. உள்ள கறி இளகிடப்போகுது" என்றார் மச்சான்.

சிரிப்பு எழுந்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து வெந்நீர் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தார். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

அடுத்த வாரம் மேடத்திடமிருந்து பதில் வந்தது. நான்கு ஓட்டலில் இப்போதைக்கு இரண்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முதலாளிக்கு மனக்குறைதான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மச்சானின் கைக்குச் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் கத்தி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவரை வெட்டு இயந்திரத்துக்கு மாற்றும்படி வெந்நீர் தானே போய் முதலாளியிடம் கேட்டார். முதலாளி, இதைத்தானய்யா உங்க மச்சான் அன்னைக்கே கேட்டாரு என்றார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் மச்சான் தங்கை வீட்டுக்கு நினைத்தபோது வருவார். இப்போது கை ஆறும் வரை விடுப்பில் இருந்தவர், வெந்நீர் வேலையில் இருக்கிற நேரம் பார்த்து வந்துவிட்டுப் போனார். சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டைப் பார்த்துத்தான் அவர் வந்து போனது வெந்நீருக்குத் தெரியும். மனைவியிடம் கேட்டால், நான் என்ன பண்ணட்டும், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தராசா பிடிக்க முடியும் என்பாள். வெந்நீர் அந்தத் தட்டை எடுத்து அடுக்கில் வைப்பார். வைத்துவிட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பார்.

ஓட்டல்களுக்கு முதல் சரக்கு போகிற நாளும் வந்தது. மச்சான் மணிக்கட்டில் பட்டையோடு வெட்டு இயந்திரத்தின் முன்னால் நின்றார். அவருக்கு அதில் அது முதல் நாள். பிரஸ்ஸிலிருந்து வந்த கறியை இடது கையால் வாகாக வைத்து, வலது கையால் லேசாகத் தாங்கிக்கொண்டார். சரியாக வைக்கிறாரா, கை வலிக்கிறதா, துண்டு நேராக விழுமா என்று வெந்நீர் அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"மாப்ள" என்றார் மச்சான், திரும்பாமலே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் கறி மேல விழுது."

வெந்நீர் தள்ளி நின்றார். மச்சான் பொத்தானை அழுத்தினார்.